கே மூன்றாவதாக வரும் சொல்

ஒரு சின்னக் கேள்வி. ஆங்கிலத்தில் கே என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் அதிகமா, கே மூன்றாவது எழுத்தாக வரும் சொற்கள் அதிகமா?

தொடங்குபவை என்றால் கிங், கைட், கிச்சன், கீ, கிட் என்று மளமளவென வந்து விழுகின்றன. மூன்றாவதாக என்றதும் நாக்கு திக்குகிறது. ஒன்றிரண்டு கிடைத்த பிறகுதான் மேக், டேக், லைக், கேக், ஜோக், ஆஸ்க் என்று வரிசை நகரத் தொடங்குகிறது. 1973-ல் அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதே கேள்வியை 152 பேரிடம் கேட்டார்கள். கே மட்டுமல்ல, எல், என், ஆர், வி என்று மொத்தம் ஐந்து எழுத்துகள். ஐந்துமே ஆங்கில எழுத்தில் முதலிடத்தைவிட மூன்றாமிடத்தில் அதிகம் வருபவை என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனாலும் 105 பேர், இவற்றில் பெரும்பாலான எழுத்துகளுக்கு முதலிடமே அதிகம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுதான் எண்ணிக்கையிலும் அதிகம் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது என்பது அவர்கள் சொல்ல வந்த விஷயம். பின்னால் 2002-ல் கானமனுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தபோது பேசப்பட்ட ஆராய்ச்சிகளின் ஆரம்பகாலச் சரக்கு இது.

எனக்கு அந்த உளவியலைவிட அதிலுள்ள எழுத்துச் சமாசாரம்தான் பிடித்திருக்கிறது. கேக் என்ற சொல் தெரியாதவர் அந்த 152 பேரில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். தெரிந்த சொல்தான். ஆனால் அதற்குப் போகும் வாசல் முன்பக்கம் இருக்கிறது. நாம் போய்த் தட்டுவதோ பக்கச் சுவரை. எழுத்துகளைக் கொடுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் எல்லாப் புதிரும் இந்த ஒரு கோளாறை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறது. சொல் தெரிந்திருப்பது ஒரு திறமை, அதை எழுத்துகளிலிருந்து தோண்டி எடுப்பது வேறொரு திறமை.

முதலெழுத்துதான் இயற்கையான வாசல் என்றும் சொல்லிவிட முடியாது. நம் பழைய நிகண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் போகிறது. அதாவது இரண்டாம் எழுத்து. செய்யுள் எழுதுகிறவனுக்கு இரண்டாம் எழுத்து ஒத்த சொற்கள்தான் தேவை. அவனுக்காகச் செய்த புத்தகம் அவன் தேடும் வரிசையில் இருந்தது. முதலெழுத்து வரிசையில் அடுக்கிய அகராதி நிகண்டு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். நிகண்டை மனப்பாடம் செய்து வளர்ந்த ஒரு புலவரிடம் கானமனின் கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தால் விடை வேறு மாதிரி வந்திருக்குமோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். தொடங்குமுன் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டு பி, இரண்டு டி வந்து குழப்பும். ஆகவே முடிந்தவரை அந்த நான்கும் வராத எடுத்துக்காட்டுகளாகப் பொறுக்கியிருக்கிறேன். தவிர்க்க முடியாத இடத்தில் எந்தப் பி என்று சொல்லிவிடுகிறேன்.

“இந்த எழுத்துகள் உள்ள சொல்” என்று கேட்பது ஒரே கேள்வி மாதிரி தெரியும். உள்ளே நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. எல், எம், என் என்ற மூன்றை வைத்துப் பார்ப்போம். மூன்றும் எங்காவது இருந்தால் போதும், கூட வேறு எழுத்துகளும் இருக்கலாம் என்றால் லெமன் சரி, ஆனிமல் சரி, மேனுவலும் சரி. எம், என், எல் என்ற வரிசையில்தான் வர வேண்டும், நடுவில் வேறு எழுத்து வந்தால் பரவாயில்லை என்றால் லெமனும் ஆனிமலும் அடிபட்டுப்போகும். மேனுவலும் மினரலும் நிற்கும். மூன்றும் ஒட்டியே வர வேண்டும் என்றால் கதை மாறிவிடுகிறது. சாலம்லி என்று ஒரு சொல் இருக்கிறது, சிரிக்காமல் கம்பீரமாக என்று பொருள். அதன் நடுவில் எம், என், எல் மூன்றும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒலிக்கும்போது என் காணாமல் போய்விடுவதால் காதை நம்பித் தேடுகிறவருக்கு இது அகப்படாது.

கொடுத்த எழுத்துகளை மட்டும், ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தலாம் என்பது அடுத்த வகை. எல், ஈ, எம், ஓ, என் கொடுத்தால் லெமன், அதையே மாற்றி அடுக்கினால் மெலன். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில், கையில் உள்ள ஏழு கட்டைகளுக்கு இந்தச் சட்டம்தான். இன்னொரு வகையில் கொடுத்த எழுத்துகளை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். அப்போது அதே ஐந்து எழுத்திலிருந்து மூன், நூன், லூம் எல்லாம் வந்துவிடும். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ இந்தச் சட்டத்தில் ஓடுகிறது: ஏழு எழுத்து, நடுவில் இருக்கும் எழுத்து கட்டாயம், குறைந்தது நான்கு எழுத்துச் சொல். எஸ் எழுத்தை அந்தப் புதிர் பல ஆண்டுகளாகத் தவிர்த்தே வந்திருக்கிறது. அது இருந்தால் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் பன்மையாகி விடைப்பட்டியல் இரண்டு மடங்கு ஊதிவிடும், ஆடுகிறவருக்கு அலுப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது ஒட்டி வரும் மூன்று எழுத்து வகை. டபிள்யூ, கே, டபிள்யூ என்று பார்த்தால் இப்படியும் ஒரு சொல் இருக்குமா என்று தோன்றும். ஆக்வர்ட். ஈ, இசட், வி? ரான்டேவூ. எக்ஸ், ஒய், ஜி? தினமும் மூச்சில் போய்வரும் ஆக்சிஜன்தான். இவற்றைக் கண்டுபிடிப்பதில் ஒரு தந்திரம் உண்டு. மூன்று எழுத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தால் ஒன்றும் வராது. எந்த இடத்தில் அசை உடைகிறது என்று பார்க்க வேண்டும். டபிள்யூவுக்குப் பின் கே வந்தால் முன்னால் ஏ இருக்க வாய்ப்பு அதிகம். ஹாக், ஸ்குவாக் மாதிரி. கே-க்குப் பின் டபிள்யூ வந்தால் புது அசை தொடங்குகிறது. அங்கே வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும், சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். இதே வெட்டு வேலை கூட்டுச்சொற்கள் எல்லாவற்றிலும் செல்லுபடியாகும்.

கையால் தேடுவதில் ஆங்கிலம் எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. வி எழுத்திலும் ஜே எழுத்திலும் ஆங்கிலச் சொல் முடிவது மிக அபூர்வம். ஆகவே அவற்றைக் கடைசியில் வைத்துப் பார்ப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒய் இருந்தால் முதலில் கடைசியில் வைத்துப் பாருங்கள். ஐ, என், ஜி மூன்றும் சேர்ந்து கிடைத்தால் அதை அப்படியே பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அது நல்ல வழிதான், ஆனால் அதுவே கண்ணைக் கட்டியும் விடும். ஐஎன்ஜி முடிவில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தால் எஞ்சின் கண்ணில் படாது. கியூவைப் பார்த்தவுடன் யூ எங்கே என்று தேடுவதும் அப்படித்தான். நிகாப், புர்கா, ஃபகீர் எல்லாவற்றையும் யூ பின்தொடராத கியூவோடு எழுதலாம். ஸ்க்ராபிள்காரர்களுக்குச் செல்லமான சொல் சீ: கியூ, ஐ, இரண்டே எழுத்து, சீனத்தில் உயிர்ச்சக்தி. வட அமெரிக்கப் பட்டியலில் 2006-ல் அது ஏறியதிலிருந்து, கையில் கியூ வந்தால் தலையில் கைவைக்கும் காலம் போய்விட்டது.

எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று எண்ணுவது மிகப் பழைய தொழில். 9-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி ரகசியச் சங்கேதங்களை உடைக்க இதைத்தான் செய்யச் சொன்னார். 1930-களில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எழுத்துகளை எண்ணி எண்ணித்தான் பின்னால் ஸ்க்ராபிள் ஆன விளையாட்டை உருவாக்கினார். நூறு கட்டைகளில் ஈ மட்டும் 12, ஏ-யும் ஐ-யும் தலா 9. எஸ் நான்கே நான்கு. ஆங்கிலத்தில் அது வரும் அளவுக்குக் கொடுத்திருந்தால் ஸ்பெல்லிங் பீ தவிர்க்கும் அதே பன்மைத் தொல்லை இங்கும் வந்திருக்கும்.

இந்த எண்ணிக்கையிலிருந்து போட்டியாளர்கள் கண்டுபிடித்த ஒரு குறுக்குவழி இருக்கிறது. கண்ணின் விழித்திரையைக் குறிக்கும் ரெட்டினா என்ற ஆறெழுத்துச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறுமே ஆங்கிலத்தில் தாராளமாகப் புழங்கும் எழுத்துகள், உயிர் மூன்று, மெய் மூன்று. இதோடு ஏழாவதாக ஓர் எழுத்தைச் சேர்த்துக் கலைத்தால் என்ன நடக்கிறது பாருங்கள். ஜி சேர்த்தால் கிரானைட். சி சேர்த்தால் சர்ட்டன். எல் சேர்த்தால் ரிலையன்ட். எம் சேர்த்தால் மினரெட். கே சேர்த்தால் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின். யூ சேர்த்தால் யூரினேட். எஸ் சேர்த்தால் நாஸ்டியர், ரீட்டெயின்ஸ், இன்னும் சில. பென்சிலின் பி சேர்த்தால் பெயின்டர். ஏழு கட்டையையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால் இந்த மாதிரி ஆறெழுத்துத் தண்டுகளையும் அவை எந்த எழுத்தோடு கூடி எதைத் தரும் என்பதையும் பாடமாகவே படிக்கிறார்கள்.

கிரானைட்டும் ரெட்டினாவும் பொருளில் எந்த உறவும் இல்லாதவை. ஒலியிலும் இல்லை. எழுத்தை எண்ணினால் மட்டும்தான் அவை பக்கத்து வீட்டுக்காரர்கள். சாதாரண அகராதியில் ஒன்று ஜி-யிலும் மற்றொன்று ஆரிலும் இருக்கும். இந்த உறவு தெரிய வேண்டுமென்றால் அகராதியைக் குலைத்து வேறு வரிசையில் அடுக்க வேண்டும்.

குலைத்து அடுக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள், கணினிக்கு வெகு காலம் முன்பே. 1775-ல் ஜான் வாக்கர் என்ற ஆங்கிலேயர் சொற்களை அவற்றின் கடைசி எழுத்திலிருந்து வரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார். இயைபு தேடும் கவிஞர்களுக்கு உதவும் என்பது எண்ணம். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. தட்டச்சர்களை உட்காரவைத்து, அகராதியின் தலைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாக, அதாவது கடைசி எழுத்தில் தொடங்கி முதலெழுத்து வரை, சிறு அட்டைகளில் அடிக்கச் சொன்னார்கள். அப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். அவற்றை அகரவரிசையில் அடுக்கினால் ஒரே விகுதியில் முடியும் சொற்கள் எல்லாம் ஒன்றாக வந்து உட்காரும். இன்று ஒரு விசையை அழுத்தினால் கிடைப்பதற்கு அன்று எத்தனை பேருடைய விரல்கள் தேய்ந்திருக்கும்! தலைகீழாக அடிக்கும்போது பழக்கதோஷத்தில் கை நேராகப் போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ.

அந்த அட்டைப்பெட்டிகள் உடனே விடை சொல்லியிருக்கக்கூடிய ஒரு பிரபலமான தொல்லை உண்டு. ஜி, ஆர், ஒய் என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் மூன்று, ஆங்ரி, ஹங்ரி, மூன்றாவது எது? 1975-ல் அமெரிக்க வானொலி வழியாகப் பரவியது. அன்றிலிருந்து நூலகர்களையும் அகராதிக்காரர்களையும் படுத்தி எடுத்திருக்கிறது. இப்போதும் யாராவது ஒருவர் புதிதாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். புழக்கத்தில் மூன்றாவது சொல் கிடையாது. கேள்வியைச் சொல்லிச் சொல்லியே யாரோ சிதைத்துவிட்டார்கள். எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கும் சரியான வரிசையில் அடுக்கிய ஒரு பட்டியல் வேண்டும். நேர்வரிசை அகராதியை வைத்துக்கொண்டு ஒரு சொல் இல்லை என்று நிரூபிக்க முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாக வேண்டும்.

கணினி வந்த பிறகு இந்தக் குலைத்து அடுக்கும் வேலை என்ன ஆனது என்பதுதான் எனக்கு அலுக்காத பகுதி. ஏ, ஈ, ஜி, எல், என் என்று ஐந்து எழுத்து கொடுத்துச் சொல் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தோன்றும் வழி, எல்லா விதமாகவும் மாற்றி மாற்றி எழுதி ஒவ்வொன்றும் அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஐந்து எழுத்துக்கு 120 விதம். பரவாயில்லை. ஏழு எழுத்துக்கு 5,040. பதினைந்து எழுத்து என்றால் 1.3 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. கணினியே ஆனாலும் இது முரட்டுத்தனம்.

நல்ல வழி, கேள்வி வருவதற்கு முன்பே அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி ஒரு முத்திரை போட்டுவைப்பது. ஏஞ்சலின் எழுத்துகளை அப்படி அடுக்கினால் ஏ, ஈ, ஜி, எல், என். கோணத்தைக் குறிக்கும் ஆங்கிளுக்கும் அதே முத்திரை. அறுவடைக்குப் பின் சிந்திய கதிரைப் பொறுக்குவதற்கு ஆங்கிலத்தில் ஜி-யில் தொடங்கும் க்ளீன் என்ற சொல் உண்டு. அதற்கும் அதே முத்திரை. பட்டியல் முழுவதையும் முத்திரைப்படி வரிசைப்படுத்தினால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேரும். கேள்வி வந்ததும் கொடுத்த எழுத்துகளுக்கும் ஒரு முத்திரை போட்டு அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். தேடவே தேவையில்லை. 1980-களில் ஜான் பென்ட்லி என்ற கணினி அறிஞர் இதைத் தம் பத்தியில் விளக்கியதிலிருந்து நிரல் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு இது ஒரு கட்டாயப் பாடம் மாதிரி ஆகிவிட்டது.

முத்திரைக்கு எழுத்துதான் வேண்டுமென்பதில்லை, எண்ணும் போடலாம். ஏ-க்கு 2, அடுத்த எழுத்துக்கு 3, சி-க்கு 5 என்று வரிசையாகப் பகா எண்களைக் கொடுத்துக்கொண்டே போனால் ஈ-க்கு 11, ஜி-க்கு 17, எல்-க்கு 37, என்-க்கு 43, கடைசியில் இசட்டுக்கு 101. சொல்லிலுள்ள எழுத்துகளின் எண்களைப் பெருக்கினால் ஏஞ்சலுக்கு 5,95,034. ஆங்கிளுக்கும் அதேதான், பெருக்கலில் வரிசை முக்கியமில்லையே. வேறு எந்த எழுத்துக் கூட்டத்துக்கும் இந்த எண் வராது, ஏனென்றால் எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் உடைக்க முடியும். இதில் கிடைக்கும் உபரி லாபம் இன்னும் ருசி. லெக் என்ற சொல்லின் எண் 6,919. ஏஞ்சலின் எண்ணை அதால் வகுத்தால் மீதியில்லாமல் 86 வருகிறது. ஆக, ஏஞ்சலின் எழுத்துகளுக்குள் லெக் இருக்கிறது. அந்த 86-ஐ உடைத்தால் இரண்டும் நாற்பத்து மூன்றும், அதாவது ஏ-யும் என்-னும் கையில் மிச்சம். எக் என்ற சொல்லுக்கு இரண்டு ஜி வேண்டும், அதன் எண் 3,179. வகுத்துப் பாருங்கள், மீதி நிற்கும். ஒரே ஒரு ஜி-யை வைத்துக்கொண்டு முட்டை போட முடியாது என்று கணக்கு சொல்லிவிடுகிறது. நடைமுறையில் நீளமான சொற்களுக்கு எண்கள் தாறுமாறாகப் பெருத்துவிடும் என்பதால் வேறு வழிகளே சிக்கனம். ஆனால் அழகுக்கு நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

எழுத்தைத் திரும்பப் போடலாம் என்கிற புதிருக்கு இவ்வளவும் தேவையில்லை. 26 எழுத்துக்கு 26 விளக்குகள்; சொல்லில் உள்ள எழுத்துக்கு விளக்கு எரியும், இல்லாததற்கு அணைந்திருக்கும். கொடுக்காத எழுத்தின் விளக்கு ஒன்று எரிந்தாலும் சொல் தள்ளுபடி. கணினிக்கு இது ஒரே ஒரு செயல். எளிமை போதும் என்கிறவர்களுக்கு 1973-லிருந்து யூனிக்ஸ் இயங்குதளத்தில் இருக்கும் கிரெப் என்ற தேடல் கருவி இருக்கிறது. கென் தாம்சன் எழுதியது. ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து எக்ஸ் உள்ள வரிகளை எடு, அதிலிருந்து ஒய் உள்ளதை எடு, அதிலிருந்து ஜி உள்ளதை எடு என்று ஒன்றன் வாயிலிருந்து அடுத்ததற்கு ஊட்டிவிடலாம். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் குறுக்கெழுத்தின் காலிக் கட்டத்துக்கும் அதுவே விடை தேடித் தரும்.

ஸ்க்ராபிள் ஆடும் நிரல்களுக்குத்தான் உண்மையான தலைவலி. அங்கே பலகையில் ஏற்கெனவே கிடக்கும் எழுத்து புதுச் சொல்லின் முதலெழுத்தாக இருக்கலாம், நடுவில் வரலாம், கடைசியிலும் வரலாம். 1988-ல் ஆண்ட்ரூ அப்பெல், கை ஜேக்கப்சன் இருவரும் அகராதியை ஒரு கிளைவிடும் வலையாக மடித்து, ஒரே மாதிரி முடியும் சொற்களின் வால்களைப் பொதுவாக்கி, மின்னல் வேகத்தில் ஆடும் நிரலை எழுதினார்கள். ஆனால் அந்த வலைக்குள்ளும் முதலெழுத்து வழியாகத்தான் நுழைய முடிந்தது. 1994-ல் ஸ்டீவன் கார்டன் அதை உடைத்தார். ஒவ்வொரு சொல்லையும் அதன் எந்த எழுத்திலிருந்து வேண்டுமானாலும் நுழைந்து முன்னும் பின்னும் போகும்படி பதிந்துவைத்தார். இடம் சுமார் ஐந்து மடங்கு பிடித்தது, வேகம் சுமார் இரண்டு மடங்கானது. கே-யை மூன்றாவதாக வைத்துக் கேட்டாலும் திணறாத அகராதி வேண்டுமென்றால் அதுதான் விலை. நம் மூளை அந்த விலையைக் கொடுக்க மறுத்துவிட்டது என்று நினைக்கிறேன், பேசுவதற்கும் படிப்பதற்கும் அது தேவைப்படவில்லை.

வழி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிடைப்பது கையிலுள்ள பட்டியலைப் பொறுத்தது. நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. சில கணினிகளில் கூடவே வரும் சொற்பட்டியல் 1934-ல் வெளியான வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. சுமார் 2,35,000 சொற்கள். அதில் தேடினால் எந்த உயிருள்ள மனிதரும் சொல்லிக் கேட்டிராத தாவரப் பெயர்கள் குவியலாக வரும், அன்றாடம் புழங்கும் புதுச்சொற்களும் பல சாதாரணப் பன்மைகளும் வராது. அந்தப் பதிப்பு அகராதியுலகில் இன்னொன்றுக்கும் பேர்போனது. அடர்த்தியின் குறியீடு பெரிய டி அல்லது சிறிய டி என்பதை ஆங்கிலத்தில் “டி ஆர் டி” என்று ஒரு சீட்டில் எழுதியிருந்ததைச் சேர்த்துப் படித்து, டோர்ட் என்று ஒரு சொல்லாகவே அச்சிட்டுவிட்டார்கள்; 1939-ல்தான் ஒரு பதிப்பாசிரியர் கண்ணில் பட்டது.

மறுபக்கம் காலின்ஸின் ஸ்க்ராபிள் பட்டியல் 2019-ல் 2,79,000 சொற்களைத் தாண்டியது. போட்டிக்கு அது சரி. ஆற அமர ஆடுகிற புதிருக்கு இவ்வளவு பெரிய பட்டியல் கொடுமை. ஐந்தெழுத்துச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டு 2021-ல் பிடித்துக்கொண்டதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாக நான் நினைப்பது யாரும் அதிகம் பேசாத ஒரு வேலையை. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் பன்னிரண்டாயிரம் வாக்கில் இருக்கின்றன. விளையாட்டை உருவாக்கிய ஜோஷ் வார்டிலின் துணைவி பாலக் ஷா உட்கார்ந்து, இது எனக்குத் தெரியும், இது தெரியாது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதிலிருந்துதான் சுமார் 2,300 சொற்கள் விடைகளாக ஆயின. ஊகத்துக்கு எதை வேண்டுமானாலும் போடலாம், விடை மட்டும் ஒரு மனிதருக்குத் தெரிந்த சொல்லாகவே இருக்கும். அதனால்தான் தோற்ற அன்றும் விடையைப் பார்த்ததும் “அட, இதுவா!” என்று வருகிறது. “இது என்ன?” என்று வருவதில்லை.

பொருள் தெரியாமலேயே இதில் உச்சத்துக்குப் போக முடியுமா என்றால், முடியும். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டியை வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சுமார் ஒன்பது வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார். பரிசு வாங்கும்போது மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். 2024-ல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். 2003-ல் ஆங்கில உலகப் போட்டியை வென்ற பனுபோல் சுஜ்ஜயாகோர்ன் தாய்லாந்துக்காரர். அந்த நாட்டுப் போட்டியாளர்கள் பலரும் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு அல்ல, எழுத்துக் கூட்டங்களாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். இதைக் கேட்டு மொழிப் பற்றாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் எழுத்தை வாசலாக வைத்துப் புது வீடே கட்டிக்கொண்டவர்கள். என் மாதிரி பேச்சுக்காகக் கட்டிய வீட்டில் பின்பக்கமாக ஏற முயல்கிறவர்களல்ல.

எழுத்தைக் கொடுத்தால் சொல்லைக் கொட்டும் தளங்கள் இப்போது ஏராளம். ஆட்டத்துக்கு நடுவில் அதைத் திறப்பதில் எனக்கு ருசியில்லை. முடிந்த பிறகு திறப்பேன். வரும் பட்டியலில் எனக்குத் தெரியாத சொற்களைப் பார்த்து எந்த வருத்தமும் கிடையாது, கன்னத்தைச் சேர்ந்தது என்று பொருள்படும் ஜீனல் எனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. நன்றாகத் தெரிந்தும் விட்டுப்போனவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். அந்தத் தாளில் சேர்ந்திருப்பவற்றில் பெரும்பாலானவை உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள். சி, ஏ, என், ஓ, ஈ கொடுத்தால் சிறு படகான கனூ உடனே வந்துவிடுகிறது, ஓஷன் வருவதில்லை. ஜி, ஆர், ஓ, ஏ, என் என்றால் முனகும் க்ரோன் வருகிறது, ஆர்கன் வருவதில்லை. மெய்யெழுத்தைப் பிடித்துத்தான் மனம் சொல்லைத் தூக்குகிறது போலும். இப்போதெல்லாம் எழுத்துகளை எழுதிக்கொள்ளும்போது உயிர்களை முதலில் இடப்பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் தொடங்கிப் பார்த்துவிட்டுத்தான் மெய்களுக்குப் போகிறேன்.